முழங்கால் வலி, அக்கி விட்டுப்போன எரிச்சல்: எந்தப் பேட்ச், எதற்கு?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 68 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். நாலு மாதத்துக்கு முன்னால் இடது விலாவில் அக்கி வந்தது. கொப்புளம் ஆறிவிட்டது, ஆனால் அந்த இடம் இன்னும் எரிகிறது. ரத்த அழுத்த மாத்திரையும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரினும் தினமும் போடுகிறார். மெந்தால் வாசனை வரும் பேட்ச் ஒட்டினால் முழங்கால் சதுரமாகச் சிவந்து அரிக்கிறது. டைக்ளோஃபெனாக் பேட்ச் அந்த அளவுக்கு அரிக்கவில்லை, ஆனால் தினமும் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. இப்போது லிக்னோகெய்ன் பேட்ச் நல்லது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார், அது இன்னும் விலை. மூன்றில் எது தோலைக் கெடுக்காது, எது கேட்கும், எது செலவு குறைவு?

மருந்துக்கடைக் கவுன்ட்டரில் நிற்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். அம்மாவுக்கு இருப்பது ஒரே வலி இல்லை, இரண்டு வலி. முழங்காலில் இருப்பது மூட்டு வலி. விலாவில் இருப்பது நரம்பு வலி. ஒன்றுக்குக் கேட்கும் மருந்து மற்றதற்குக் கேட்காது. அதனால் மூன்று பேட்ச்சையும் வரிசையில் நிறுத்தி முதல் பரிசு கொடுக்க முடியாது. என் கருத்து இதுதான்: முழங்காலுக்குப் பேட்ச்சே வேண்டாம், டைக்ளோஃபெனாக் ஜெல்லுக்கு மாறுங்கள். பேட்ச்சுக்கு ஒதுக்குகிற பணத்தை விலா எரிச்சலுக்கு லிக்னோகெய்னில் போடுங்கள், அதுவும் டாக்டரைக் கேட்டு, இத்தனை வாரம்தான் என்று ஒரு கெடு வைத்து. மெந்தால் பேட்ச்சை அம்மாவுக்குத் தினசரிப் பழக்கமாக்க வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பலனிலிருந்து ஆரம்பிப்போம்.

கடையில் அதிகம் போவது மெந்தால் வாசனை வரும் வகை. அதில் முக்கியமான மருந்து மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்தது. கூடவே மெந்தால், சிலவற்றில் கற்பூரம். ஜப்பானின் ஹிசமிட்சு நிறுவனம் 1934-லிருந்து விற்கும் சலோன்பாஸ் இந்த வகையில் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். 10 சதவீதம் மெத்தில் சாலிசிலேட், 3 சதவீதம் மெந்தால் கொண்ட அவர்களுடைய ஒரு பேட்ச்சுக்கு 2008-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. அந்த அனுமதி எதற்கு என்பதைக் கவனியுங்கள்: சுளுக்கு, தசைப்பிடிப்பு, மூட்டு வலி போன்ற லேசான, நடுத்தரமான வலிக்கு, அதுவும் சில நாளுக்கு மட்டும். ஒரு பேட்ச் 8 முதல் 12 மணி நேரம், நாளுக்கு இரண்டுக்கு மேல் கூடாது, தொடர்ந்து மூன்று நாளுக்கு மேல் கூடாது என்று அதன் அட்டையிலேயே இருக்கிறது. நம்மூரில் அதையே மாதக்கணக்கில் தேய்ந்த முழங்காலில் ஒட்டுகிறார்கள். ஒட்டினதும் ஜில்லென்று இருப்பதால் மருந்து உள்ளே இறங்கிவிட்டது என்று தோன்றும். அந்தக் குளிர்ச்சி, தோலில் குளிரை உணரும் நரம்பை மெந்தால் தூண்டிவிடுவதால் வருவது. வலியிலிருந்து கவனம் திரும்பும், அந்த நேரத்துக்கு நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதி பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மூட்டுக்குள் இருக்கும் அழற்சிக்கும் அந்தக் குளிர்ச்சிக்கும் சம்பந்தம் இல்லை.

அழற்சியைக் குறைக்கும் வலி மருந்தான டைக்ளோஃபெனாக் விஷயம் வேறு. அது தோல் வழியாக இறங்கி, கீழே இருக்கிற திசுவில் நல்ல அளவில் சேர்கிறது. ரத்தத்தில் கொஞ்சம்தான் கலக்கிறது. முழங்காலில் 1 சதவீத ஜெல்லை முழு அளவில் தடவினாலும், மாத்திரையாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் சேருவதில் ஏறக்குறைய 6 சதவீதம்தான் சேரும். வயிறு, சிறுநீரகம், இதயம் மூன்றையும் பார்த்து நடக்க வேண்டிய வயதில் இது பெரிய விஷயம். முழங்கால் தேய்மானத்துக்கு மாத்திரைக்கு முன்னால் இப்படித் தடவும் மருந்தைப் பாருங்கள் என்று அமெரிக்காவின் மூட்டுநோய் மருத்துவர்களின் 2019 வழிகாட்டுதலும், பிரிட்டனின் நைஸ் அமைப்பின் 2022 வழிகாட்டுதலும் சொல்கின்றன.

எவ்வளவு கேட்கும்? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் குழுவின் 2016 அறிக்கைப்படி, நாள்பட்ட மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் தடவியவர்களில் 6 முதல் 12 வாரத்தில் பத்தில் ஆறு பேருக்கு வலி நன்றாகக் குறைந்தது. மருந்தே இல்லாத வெறும் களிம்பு தடவியவர்களில் பத்தில் ஐந்து பேருக்குக் குறைந்தது. அதாவது, மருந்தால் மட்டும் கூடுதலாகப் பலன் பெறுவது பத்தில் ஒருவர். புதிதாக வந்த சுளுக்கில் இந்த வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். தேய்மானத்தில் இவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் இருக்காது. இரண்டு நாள் பார்த்துவிட்டு வேறு பிராண்டுக்குத் தாவவும் தோன்றாது.

இன்னொன்று, தோலுக்கும் வலிக்கும் நடுவே உள்ள ஆழம். முழங்கால், கை விரல், மணிக்கட்டு, கணுக்கால் இவையெல்லாம் தோலுக்குப் பக்கத்தில் இருப்பவை. இடுப்பு மூட்டு சதைக்கு அடியில் ஆழமாக இருக்கிறது, அங்கே பேட்ச் ஒட்டுவதும் ஒட்டாததும் ஒன்று. முதுகிலும் அப்படித்தான். தசை பிடித்துக்கொண்ட வலி என்றால் கேட்கலாம். தண்டுவட எலும்புக்கு நடுவே நரம்பு நசுங்கி, வலி காலுக்கு ஓடுகிறது என்றால் எந்த வலி நிவாரணி பேட்ச்சும் அந்த நரம்பு வரைக்கும் போய்ச் சேராது.

அடுத்தது லிக்னோகெய்ன். பல் டாக்டர் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்கிறாரே, அதே மருந்து. 5 சதவீதப் பேட்ச்சை 1999-ல் எஃப்.டி.ஏ. அனுமதித்ததே அக்கி வந்து போன பிறகு நிற்கும் எரிச்சலுக்காகத்தான். பேட்ச் அளவில் இது தோலை மரத்துப்போகச் செய்வதில்லை. கோளாறான நரம்பு சும்மா சும்மா அனுப்புகிற சமிக்ஞையை அடக்குகிறது. 12 மணி நேரம் ஒட்டலாம், அடுத்த 12 மணி நேரம் தோலைச் சும்மா விட வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று பேட்ச் வரைக்கும் போகலாம். இந்த எரிச்சல் உள்ளவர்களுக்கு ரவிக்கைத் துணி உரசினாலே தாங்காது, படுக்கையில் அந்தப் பக்கம் ஒருக்களிக்க முடியாது. ஒட்டின பேட்ச் அந்தத் துணிக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு மறைப்பாகவும் இருக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே இரவில் தூங்க முடிந்தது என்று சொன்னவர்கள் உண்டு.

ஆய்வுச் சான்று என்று பார்த்தால் லிக்னோகெய்ன் பேட்ச்சுக்கு இருப்பவை சிறிய ஆய்வுகள்தான். நரம்பு வலிக்கு டாக்டர்கள் முதலில் எழுதுவது பெரும்பாலும் கேபாபென்டின், பிரிகாபாலின் மாதிரி மாத்திரைகள். அந்த மாத்திரைகள் வயதானவர்களுக்குத் தலைசுற்றல், தூக்கக் கலக்கம் கொடுக்கும். ஏற்கெனவே முழங்கால் பலமில்லாத ஒருவர் ராத்திரி பாத்ரூமுக்குப் போகும்போது விழுந்தால் என்ன ஆகும்? அதனால்தான் 68 வயதில், ஒரே இடத்தில் மட்டும் எரிச்சல் உள்ளவருக்கு, பேட்ச்சை முதலில் பார்க்கலாம் என்று நான் நினைக்கிறேன். இதை டாக்டரிடம் வாய் விட்டுக் கேளுங்கள். அப்புறம் ஒரு முக்கியமான விஷயம்: கொப்புளம் இன்னும் இருக்கும்போது, தோல் உரிந்திருக்கும்போது இதை ஒட்டக் கூடாது. முழுக்க ஆறின தோலில் மட்டும்தான்.

முழங்காலுக்கு லிக்னோகெய்ன் ஒட்டலாமா என்று கேட்பீர்கள். அதற்குப் பணம் செலவழிக்கும் அளவுக்குச் சான்று இல்லை. வேண்டாம்.

மிளகாயிலிருந்து வரும் கேப்சாய்சின் பேட்ச்சையும் சொல்ல வேண்டும், பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 8 சதவீதக் கேப்சாய்சின் பேட்ச் வீட்டில் ஒட்டுவது இல்லை. அக்கி எரிச்சலுக்கு மருத்துவமனையில் வைத்து ஒரு மணி நேரம் ஒட்டி எடுப்பார்கள், ஒரு தடவை செய்தால் மூன்று மாதம் வரைக்கும் தாக்குப்பிடிக்கும். ஒட்டியிருக்கும் நேரம் கடுமையாக எரியும். லிக்னோகெய்ன் கேட்காவிட்டால் வலி நிபுணரிடம் கேட்க வேண்டிய விஷயம் இது. இப்போதைக்கு விட்டுவிடலாம்.

இனி தோல் விஷயம். நீங்கள் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான், நானும் இதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்லப் போகிறேன்.

பேட்ச்சில் மருந்து மட்டும் இல்லை. பசை இருக்கிறது, பின்பக்கத் துணியோ பிளாஸ்டிக்கோ இருக்கிறது, வாசனைப் பொருள் இருக்கிறது. அதற்கும் மேல், காற்றுப் போகாமல் தோலை மணிக்கணக்கில் மூடி வைப்பது என்று ஒன்று இருக்கிறது. நம்முடைய வெயிலில், வியர்வையில், அந்த மூடி வைப்பதே பாதிப் பிரச்சினை. அடியில் தோல் ஊறி, வெளுத்து, மெலிந்துவிடும். அந்த நேரத்தில் சரக்கென்று பிய்த்தால் மேல்தோலும் சேர்ந்து வரும். வயதானவர்களுக்குத் தோல் ஏற்கெனவே காகிதமாக இருக்கும், சொல்லவே வேண்டாம்.

தோல் சிவப்பதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். முதல் வகை வெறும் எரிச்சல். ஒரு பெரியவர் கடைக்கு வந்து சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டுவார்: பேட்ச் இருந்த இடம் மட்டும் முத்திரை குத்தினது மாதிரி சதுரமாகச் சிவந்திருக்கும், நாலு ஓரமும் நேர்கோடாக, ஓரத்தைத் தாண்டி ஒன்றுமே இருக்காது. தொட்டால் எரியும், அரிப்பு கொஞ்சம்தான். பேட்ச்சை எடுத்து ஒரு நாள், இரண்டு நாள் விட்டால் மங்கிவிடும். அடுத்த தடவை இடம் மாற்றி, நேரம் குறைத்து ஒட்டினால் சமாளிக்கலாம்.

இரண்டாவது வகை ஒவ்வாமை. இதில் சிவப்பு ஓரத்தைத் தாண்டிப் பரவும். எரிச்சலைவிட அரிப்புதான் அதிகம். கிட்டே வைத்துப் பார்த்தால் கடுகைவிடச் சின்னதாக நீர் கோத்த கொப்புளங்கள் தெரியும். ஒட்டினதும் தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் கிளம்பும். பேட்ச்சை எடுத்த பிறகும் கூடிக்கொண்டே போகும். இது வந்துவிட்டால் அந்தப் பேட்ச்சோடு உறவு முடிந்தது. உடம்பு அதை நினைவில் வைத்துக்கொள்ளும், அடுத்த தடவை சீக்கிரமாகவும் மோசமாகவும் வரும். காரணம் மருந்தாகவும் இருக்கலாம், பசையாகவும் இருக்கலாம். பசையில் சேர்க்கிற பைன் மரப் பிசினும், அக்ரிலேட் வகைப் பொருள்களும் இதற்குப் பேர்போனவை. சாதாரண பிளாஸ்திரி ஒட்டினாலே அரிக்கும் என்கிறவர்களுக்குப் பெரும்பாலும் பசைதான் எதிரி.

நீங்கள் எழுதினதை வைத்துப் பார்த்தால் அம்மாவுக்கு வந்தது முதல் வகை மாதிரி தெரிகிறது, சதுரமாக என்று சொல்கிறீர்கள். ஓரத்தைத் தாண்டிப் போயிருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை பாருங்கள்.

மூன்று வகையையும் தோலுக்கு எது நல்லது என்று பார்த்தால், மெந்தால், சாலிசிலேட் வகைதான் அதிகம் எரிக்கும். அதில் மருந்தே எரிச்சல் கொடுக்கிற பொருள். 2012-ல் எஃப்.டி.ஏ. இதைப் பற்றி எச்சரிக்கையே வெளியிட்டது: இப்படிக் கடையில் நேரடியாக வாங்கும் வலி மருந்துகளைப் போட்ட சிலருக்கு நெருப்புப் பட்டது மாதிரி தோல் வெந்துபோனது. பெரும்பாலும் மெந்தால் 3 சதவீதத்துக்கு மேலும், மெத்தில் சாலிசிலேட் 10 சதவீதத்துக்கு மேலும் இருந்தவற்றில். அரிதுதான், ஆனால் நம் வீடுகளில் ஒரு பழக்கம் அதை அரிதாக இருக்க விடாது. பேட்ச் ஒட்டிவிட்டு அதன் மேலேயே வெந்நீர்ப் பை வைப்பது. சூடு பட்டால் ரத்த ஓட்டம் கூடி, மருந்து வேகமாக இறங்கும், தோலும் வேகும். ஒத்தடம் கொடுக்கிற நாளில் பேட்ச் வேண்டாம். பேட்ச் ஒட்டுகிற நாளில் ஒத்தடம் வேண்டாம்.

டைக்ளோஃபெனாக் பேட்ச்சில் மருந்து அவ்வளவு எரிக்காது, வருகிற எரிச்சலில் பெரும்பங்கு பசையால்தான். லிக்னோகெய்ன் 5 சதவீதப் பேட்ச் பெரும்பாலும் தண்ணீர் அடிப்படையில் செய்த ஈரமான பசை, மெத்தென்று இருக்கும். மூன்றில் தோலுக்கு இதுதான் சாது. அதில் ஒரு குறை, நன்றாக ஒட்டாது. வியர்த்தால் ஓரம் சுருண்டு கழன்றுவரும். விலாவில், ஜாக்கெட்டுக்கு அடியில் இருந்தால் துணியே பிடித்துக்கொள்ளும். முழங்காலில் என்றால் நாலு தடவை உட்கார்ந்து எழுந்தாலே கழன்று தரையில் கிடக்கும்.

கீட்டோபுரோஃபென் என்று ஒன்றும் களிம்பாகவும் சில நாடுகளில் பேட்ச்சாகவும் வருகிறது. அது போட்ட இடத்தில் வெயில் பட்டால் கடுமையான தோல் அழற்சி வரலாம், நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும் அந்த இடத்தை வெயிலில் காட்டக் கூடாது. ஐரோப்பாவில் 2010-ல் இதை ஆராய்ந்து, மருந்துச் சீட்டோடுதான் கொடுக்க வேண்டும் என்றார்கள். வயலிலோ, சந்தையிலோ, வண்டியிலோ வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு இது ஒத்துவராது.

ஒட்டும்போதும் எடுக்கும்போதும் கவனித்தால் பாதி எரிச்சல் வராது. ஒட்டும் இடத்தைத் தண்ணீரில் கழுவி, நன்றாகத் துடைத்து, ஐந்து பத்து நிமிடம் உலர விடுங்கள். பவுடர், எண்ணெய் எதுவும் வேண்டாம். முழங்காலில் ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் காலைக் கொஞ்சம் மடக்கி வைத்து ஒட்டுங்கள்; நீட்டி வைத்து ஒட்டினால் மடக்கும்போது தோலை இழுத்துக்கொண்டே இருக்கும். எடுக்கும்போது ஓரத்தில் தேங்காய் எண்ணெய் தடவி இரண்டு நிமிடம் ஊறவிட்டு, ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்து, மேலே தூக்காமல் தோலை ஒட்டியபடியே மெதுவாக உரியுங்கள். இன்று ஒட்டின இடத்தில் நாளை ஒட்டாதீர்கள், கொஞ்சம் தள்ளி ஒட்டுங்கள். அட்டையில் சொன்ன நேரத்தைத் தாண்டி ராத்திரி முழுக்க ஒட்டியிருக்கட்டும் என்று விடுவதும் நல்லதில்லை. அட்டையில் எட்டு மணி நேரம் என்றால் எட்டு மணி நேரம்தான்.

சிவந்துவிட்டால் என்ன செய்வது? தண்ணீரில் கழுவி, சும்மா விடுங்கள். கேலமைன் லோஷன் தடவலாம். மஞ்சள், பற்பசை, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. அரிப்பு என்றதும் ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த களிம்பு ஒன்றைச் சீட்டு இல்லாமல் வாங்கி மாதக்கணக்கில் தடவுகிறார்கள். தோல் இன்னும் மெலியும், நிறம் மாறும், படர்தாமரை இருந்தால் பரவும். நீர் கோத்தாலோ, கசிந்தாலோ தோல் டாக்டரிடம் காட்டுங்கள். காட்டப் போகும்போது பேட்ச்சின் உறையையும் எடுத்துக்கொண்டு போங்கள். மருந்தா, பசையா என்று அவர் கண்டுபிடிக்க அது உதவும்.

இப்போது செலவு. ஒரு பேட்ச் என்ன விலை என்று பார்க்காதீர்கள், ஒரு நாளைக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். 8 மணி நேரம் தாங்கும் மெந்தால் பேட்ச் ஒன்று குறைந்த விலைதான், ஆனால் இரண்டு முழங்காலுக்கு இரண்டு, மறுபடி மாற்றினால் நாலு, மேலே சொன்ன நாளுக்கு இரண்டு என்ற வரம்பையும் தாண்டிவிடும். டைக்ளோஃபெனாக் பேட்ச் பொதுவாக நாளுக்கு ஒன்று. உதாரணத்துக்கு ஒரு பேட்ச் 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இரண்டு முழங்காலுக்கு நாளுக்கு 120, மாதத்துக்கு 3,600. பேட்ச் என்பது சுளுக்குக்கு மூன்று நாள், ஐந்து நாள் ஒட்டுவதற்குச் செய்தது. மாதம் முழுக்க ஒட்டுகிற பொருளாக அதை மாற்றும்போதுதான் கட்டுப்படியாகாமல் போகிறது.

ஜெல் கணக்கிலும் உண்மையாக இருக்க வேண்டும். 30 கிராம் குழாய் ஒன்றை வாங்கி, பட்டாணி அளவு பிதுக்கித் தடவிவிட்டு, கேட்கவில்லை என்று சொல்பவர்கள்தான் அதிகம். ஒரு முழங்காலுக்கு ஒரு தடவைக்கு 2 கிராமாவது வேண்டும். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரைக்கும் ஒரு கோடாகப் பிதுக்கினால் அது சுமார் அரை கிராம். அப்படி நாலு கோடு ஒரு முழங்காலுக்கு. நாளுக்கு மூன்று தடவை என்றால் 6 கிராம், ஒரு குழாய் ஒரு முழங்காலுக்கு ஐந்து நாள். இரண்டு முழங்காலுக்கு இரண்டரை நாள். எனவே ஜெல் சும்மா கிடைக்கிற மாதிரி இல்லை. ஆனால் பிராண்ட் பெயர் இல்லாத டைக்ளோஃபெனாக் ஜெல் மக்கள் மருந்தகங்களில் நல்ல குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் விசாரித்துப் பாருங்கள். பிராண்ட் ஜெல்லுக்கும் அதற்கும் மருந்தில் வித்தியாசம் இல்லை. வாங்கும்போது டைக்ளோஃபெனாக் மட்டும் இருக்கிறதா, அதோடு மெத்தில் சாலிசிலேட்டும் மெந்தாலும் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். நம்மூரில் பல குழாய்கள் கலப்புதான். அம்மாவுக்கு மெந்தால் வகையில்தான் சிவக்கிறது என்பதால் கலப்பு வேண்டாம்.

அட்டையில் இருக்கிற மில்லிகிராமை வைத்துப் பணத்துக்கு எது லாபம் என்று கணக்குப் போடாதீர்கள். லிக்னோகெய்ன் 5 சதவீதப் பேட்ச் ஒன்றில் 700 மில்லிகிராம் மருந்து இருக்கிறது; 12 மணி நேரத்தில் உடம்புக்குள் போவது 3 சதவீதம் மாதிரிதான், மீதி பேட்ச்சிலேயே தங்கிவிடும். 2018-ல் அமெரிக்காவில் வந்த இன்னொரு லிக்னோகெய்ன் பேட்ச்சில் மொத்தமே 36 மில்லிகிராம்தான், பசை வேறு மாதிரி. இரண்டும் ரத்தத்தில் கொடுக்கிற அளவு ஒன்றே. எவ்வளவு அடைத்திருக்கிறார்கள் என்பதைவிட எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் கணக்கு. மூலிகை என்று பெயர் போட்டு, உள்ளே என்ன எத்தனை சதவீதம் என்று எழுதாத பேட்ச்சை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அரித்தால் எதனால் அரித்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

லிக்னோகெய்னில் செலவைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. அந்தப் பேட்ச்சைப் பின்பக்கத் தாளை உரிப்பதற்கு முன்னால் கத்தரிக்கோலால் தேவையான அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம் என்று அதன் குறிப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். எரிச்சல் உள்ளங்கை அளவு இடத்தில்தான் என்றால் பாதி போதும். மீதியை உறையில் போட்டு நன்றாக மூடி வைத்து, அடுத்த நாளே பயன்படுத்திவிடுங்கள், ஈரம் காய்ந்தால் ஒட்டாது. எல்லாக் கடையிலும் இருக்காது, முன்கூட்டியே சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கும். இரண்டிலிருந்து நாலு வாரம் பாருங்கள். தூக்கமோ துணி உரசலோ தேறவில்லை என்றால் நிறுத்திவிடலாம். அதற்கு மேல் வாங்குவது வீண் செலவு.

வெட்டலாம் என்று சொன்னது லிக்னோகெய்னுக்கு மட்டும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. புற்றுநோய் வலிக்குக் கொடுக்கிற ஃபென்டனில் பேட்ச், ஏழு நாள் ஒட்டுகிற புப்ரெனார்ஃபின் பேட்ச் இரண்டும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். அவை ஒட்டின இடத்துக்கு மருந்து இல்லை. தோல் வழியாக ரத்தத்துக்குப் போய் மூளையில் வேலை செய்கிற போதை வகை மருந்து. சொந்தக்காரர் வீட்டில் தாத்தா போன பிறகு மிச்சம் இருந்தது, நல்ல ஸ்ட்ராங், முழங்காலில் ஒட்டிப் பாருங்கள் என்று யாராவது அன்போடு கொடுத்தால் வாங்காதீர்கள். பழக்கமில்லாத உடம்புக்கு மூச்சே நின்றுபோகலாம். ஒட்டி எடுத்த பழைய ஃபென்டனில் பேட்ச்சில்கூடக் கணிசமான மருந்து மீதம் இருக்கும். குழந்தைகள் எடுத்து ஒட்டிக்கொண்டோ வாயில் வைத்தோ உயிர் போயிருக்கிறது. வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால் பசைப் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, வாங்கின மருத்துவமனையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். லிக்னோகெய்ன், டைக்ளோஃபெனாக் பேட்ச்சையும் எடுத்ததும் அப்படியே மடித்துப் போடுங்கள், பேரப்பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் இன்னும் கவனமாக.

அம்மாவுக்கு நான் சொல்கிற ஏற்பாடு இது. மெந்தால் பேட்ச்சை நிறுத்துங்கள். அதன் அட்டையிலேயே 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் வயிற்றில் ரத்தக்கசிவு பற்றி எச்சரிக்கை இருக்கிறது. ஆஸ்பிரினோடு இன்னொரு சாலிசிலேட் வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. முழங்கால் தோல் ஆறும் வரைக்கும் ஒரு வாரம் எதுவும் தடவ வேண்டாம். அப்புறம் டைக்ளோஃபெனாக் ஜெல், மேலே சொன்ன அளவில், நாளுக்கு மூன்று தடவை, இரண்டு வாரம். ஜெல்லில் பசை இல்லாததால் சதுரச் சிவப்பு வராது. ரத்த அழுத்த மாத்திரையும் ஆஸ்பிரினும் எடுப்பதால் ஆரம்பிக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையைக் கடைசியாகப் பார்த்து ஒரு வருடம் ஆகியிருந்தால் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. ஜெல் தடவுகிற நாளில் டைக்ளோஃபெனாக் மாதிரி அழற்சியைக் குறைக்கும் வலி மாத்திரையும் சேர்த்துப் போடக் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி, தொடைத் தசையை இறுக்கிப் பிடித்து விடுகிற பயிற்சியைக் காலையும் மாலையும் செய்யச் சொல்லுங்கள். தேய்மானத்துக்கு எந்தப் பேட்ச்சையும்விட நீண்ட நாள் பலன் தருவது அதுதான், செலவும் இல்லை.

விலா எரிச்சலுக்கு டாக்டர் சரி என்றால் லிக்னோகெய்ன், முதலில் ஐந்து பேட்ச் மட்டும் வாங்குங்கள். எரிச்சல் எப்போது அதிகம் என்று கேட்டு அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் ஒட்டுங்கள். ராத்திரிதான் தொல்லை என்றால் ஏழு மணிக்கு ஒட்டிக் காலை ஏழுக்கு எடுத்துவிடலாம். இதயத் துடிப்புக் கோளாறுக்கு மாத்திரை எடுத்தால் முன்னாலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் போகும் நாளில் எந்தப் பேட்ச்சாக இருந்தாலும் அங்கே சொல்லி, எடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், சிலவற்றின் பின்பக்கத்தில் உலோகம் இருக்கும், தோல் சுட்டுவிடும். முழங்கால் திடீரென்று வீங்கிச் சூடானாலோ, காய்ச்சல் வந்தாலோ, கால் ஊன்றவே முடியவில்லை என்றாலோ ஜெல், பேட்ச் எதையும் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.